சாண்ட்பாங்ஸ்: காற்றைப் பார்த்துக் கரையைத் தெரியுங்கள்

சாண்ட்பாங்ஸ் போய் வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "நல்ல பீச், ஆனால் சரியான சனம்" என்பார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் அங்கே இருப்பது ஒரு பீச் அல்ல, மூன்று. மூன்றுக்கும் ஆழம் வேறு, அலை வேறு, குளிர் வேறு. போன வருடம் மாமா குடும்பம் எங்கே குடையை நட்டதோ அங்கேயே நாமும் நடுவதுதான் நம்முடைய வழக்கம். அதை விட்டுவிடுங்கள். யார் யார் வருகிறோம், இன்றைக்குக் காற்று எங்கிருந்து அடிக்கிறது என்ற இரண்டையும் பார்த்துக் கரையைத் தெரிவு செய்யுங்கள். இந்த அத்தியாயத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

பூங்கா இருப்பது ஒன்ராறியோ ஏரியின் வடகரையில், பிரின்ஸ் எட்வேர்ட் கவுண்டியில். ரொறன்ரோவிலிருந்து காரில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். வெள்ளிக்கிழமை பின்னேரம் புறப்பட்டால் அந்தக் கணக்கு செல்லாது. 401இல் கிழக்கே போய் 522 எக்ஸிட்டில் இறங்கி, 33ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து புளூம்ஃபீல்ட் வரை வந்தால், அங்கிருந்து 12ஆம் கவுண்டி வீதி பூங்காவுக்குக் கொண்டுபோய் விடும். ஜிபிஎஸ்ஸில் பெயர் தட்டும்போது கவனம். பிரின்ஸ் எட்வேர்ட் தீவு என்பது அட்லாண்டிக் பக்கத்தில் இருக்கும் தனி மாகாணம்.

இந்த மணல் இங்கே வந்த கதையைத் தெரிந்துகொண்டால் பூங்காவின் அமைப்பு தானாகவே விளங்கும். பனியாறுகள் உருகி ஒதுங்கிய பிறகு அவை விட்டுப்போன மணலை ஏரியின் அலைகள் அள்ளி வந்து, இரண்டு குடாக்களின் வாய்க்குக் குறுக்கே கொட்டின. கொட்டிய மணல் திட்டாகி, திட்டு குன்றாகி, குடா வாய் அடைபட்டது. உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர்தான் இன்றைய வெஸ்ட் லேக், ஈஸ்ட் லேக் என்ற இரண்டு சிறிய ஏரிகள். நன்னீரில் இப்படிக் குடாவாயை அடைத்து நிற்கும் மணற்குன்றுத் தொடர்களில் உலகிலேயே பெரியது இதுதான். ஆகவே மணல் திட்டுக்கு வெளிப்பக்கம் பெரிய ஏரி, உட்பக்கம் சின்ன ஏரி. மூன்று பீச்சில் இரண்டு வெளிப்பக்கம், ஒன்று உட்பக்கம்.

அனுமதி எடுப்பது

இது ஒன்ராறியோ மாகாணப் பூங்கா. முகாம் இடத்தை வருகிற நாளுக்கு 5 மாதம் முன்பிருந்து, காலை 7 மணிக்கு, இணையத்தில் பதியலாம். ஜூலை 10ஆம் தேதி வரவேண்டும் என்றால் பெப்ரவரி 10ஆம் தேதி காலை 7 மணிக்குக் கணினி முன் உட்கார வேண்டும். கோடையின் சனி ஞாயிறுகள் மளமளவென்று போய்விடும். கணக்குத் திறப்பது, கடனட்டை விபரம் கொடுப்பது எல்லாவற்றையும் முதல்நாளே முடித்து வையுங்கள். இந்த இடம் கிடைக்காவிட்டால் அந்த இடம் என்று நான்கைந்து இலக்கங்களையும் எழுதி வைத்திருங்கள். 7 மணிக்குப் பிறகு வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்க நேரம் இராது.

இரவு தங்காமல் காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்களுக்கும் அனுமதி தேவை. வாகனத்துக்கான பகல் அனுமதியை 5 நாள் முன்பிருந்து, அதுவும் காலை 7 மணியிலிருந்து பதியலாம். வெயில் அடிக்கும் ஞாயிறு என்று வானிலை சொன்னால் அந்த அனுமதிகளும் தீர்ந்துவிடும். பதியாமல் போய் வாசலில் கேட்டுப் பார்ப்போம் என்று மூன்று கார் நிறையப் பிள்ளைகளோடு கிளம்பாதீர்கள். இரண்டரை மணி நேரம் ஓடிப் போய், வாசலில் திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி இரண்டரை மணி நேரம் ஓடிவருவது யாருக்கும் வேண்டாம்.

நம்முடைய கூட்டங்களுக்கு முக்கியமான விதி ஒன்று உண்டு. ஒரு முகாம் இடத்தில் அதிகபட்சம் 6 பேர்தான். தாய், தகப்பன், பிள்ளைகள் என்று ஒரே குடும்பமாக இருந்தால் அதற்கு மேலும் விடுவார்கள். சித்தப்பா குடும்பம், பெரியம்மா குடும்பம் என்று சேர்த்து 15 பேரை ஒரு இடத்தில் படுக்க வைக்க முடியாது. அடுத்தடுத்து இரண்டு மூன்று இடங்களாக எடுங்கள். வெவ்வேறு வீடுகளிலிருந்து ஆளுக்கு ஒருவர் ஒரே நேரத்தில் பதிய வேண்டும் என்பதால், முதல்நாள் இரவு வட்ஸ்அப் குழுவில் யாருக்கு எந்த இலக்கம் என்று முடிவெடுத்து விடுங்கள். ஒரு இடத்துக்கான கட்டணத்தில் ஒரு வாகனம் அடங்கும். இரண்டாவது காருக்குத் தனியாகக் கட்ட வேண்டும். "நாங்கள் தங்கவில்லை, சாப்பாட்டுக்கு மட்டும் வருகிறோம்" என்று பகலில் வரும் உறவினருக்கும் பகல் அனுமதி வேண்டும். அவர்கள் இரவு 10 மணிக்குள் வெளியேற வேண்டும்.

எப்போது போவது? கோடை விடுமுறையின் நீண்ட வார இறுதிகளைத் தவிருங்கள் என்பது என் உறுதியான கருத்து. ஜூனில் காற்று சூடாக இருந்தாலும் ஏரி இன்னும் குளிர்காலத்தை விட்டு வந்திருக்காது. தண்ணீர் உண்மையில் சுகமாக இருப்பது ஜூலை கடைசியிலிருந்து ஓகஸ்ட் முழுவதும். செப்டெம்பர் முதல் இரண்டு வாரத்தில் தண்ணீரின் சூடு இன்னும் இருக்கும். பள்ளிக்கூடம் தொடங்கியிருப்பதால் சனம் இருக்காது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இல்லாத வீடுகளுக்கு அதைவிட நல்ல காலம் இல்லை.

மூன்று கரைகள்

அவுட்லெட் பீச்சைத்தான் நம்மவர்களில் பெரும்பாலோர் சாண்ட்பாங்ஸ் என்று நினைக்கிறார்கள். ஈஸ்ட் லேக்கிலிருந்து வரும் அவுட்லெட் ஆறு பெரிய ஏரியில் விழும் இடம் இது. ஏரித்தளம் மெதுவாகச் சரிகிறது. நீண்ட தூரம் நடந்தாலும் வளர்ந்தவருக்கு இடுப்பளவுதான். சின்னப் பிள்ளைகளும் நீந்தத் தெரியாத பெரியவர்களும் இருந்தால் இதுதான் உங்கள் இடம். காலை 10 மணிக்குள் போய்விடுங்கள்; அதன்பின் வாகனத் தரிப்பிடத்திலிருந்து குடை நடும் இடம்வரை கூலரைத் தூக்கிக்கொண்டு நடக்கும் தூரம் கூடிக்கொண்டே போகும். ஆழம் இல்லை என்பதால் மெத்தனம் வரும் இடமும் இதுதான். தளம் சமமாக இருக்காது. முழங்கால் அளவுத் தண்ணீருக்கு அப்பால் ஒரு பள்ளம், பள்ளத்துக்கு அப்பால் மீண்டும் ஒரு மணல் திட்டு என்று வரிவரியாக இருக்கும். திட்டில் நின்று விளையாடும் பிள்ளை கரைக்குத் திரும்பும்போது அந்தப் பள்ளத்தைக் கடக்க வேண்டும். போகும்போது அப்பாவின் தோளில் போனதால் அது பள்ளம் என்றே பிள்ளைக்குத் தெரிந்திருக்காது.

சாண்ட்பாங்ஸ் பீச் இரண்டாவது. இதுவும் பெரிய ஏரிப் பக்கம்தான், ஆனால் திறந்த கரை. அவுட்லெட்டைவிட நீளம் அதிகம், சனம் குறைவு, ஆழம் சீக்கிரம் வரும், அலையும் பெரிது. மணலில் நீண்ட தூரம் நடக்க விரும்புகிறவர்களுக்கும், அலையில் விளையாடத் தெரிந்த பதின்வயதுப் பிள்ளைகளுக்கும் ஏற்றது. மாலை வெயில் தண்ணீரில் இறங்குவதைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கே வாருங்கள். கைக்குழந்தையோடு பகல் முழுக்க இருக்க இது இடமல்ல.

மூன்றாவது டியூன்ஸ் பீச். மணற்குன்றுகளின் உட்பக்கம், வெஸ்ட் லேக் கரையில் இருக்கிறது. சிறிய ஏரி என்பதால் தண்ணீர் சீக்கிரம் சூடாகும், அலையும் அநேகமாக இல்லை. இதைக் கேட்டதும் "அப்போ குழந்தைகளுக்கு இதுதான் நல்லது" என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். இங்கே குன்றின் சரிவு தண்ணீர் விளிம்போடு நின்றுவிடுவதில்லை. மேலே எப்படிச் சரிகிறதோ அதே மாதிரி தண்ணீருக்குள்ளும் சரிகிறது. கரையிலிருந்து சில எட்டில் கால் தரையைத் தொடாது. குன்றின் உச்சியிலிருந்து ஓடிவரும் பிள்ளைக்கு நடுவில் நிற்க முடியாது; மணல் காலை இழுத்துக்கொண்டு கீழே வரும், ஓட்டம் தண்ணீருக்குள் முடியும். சிரித்துக்கொண்டே ஓடிவரும் அந்தப் பிள்ளைக்கு நீந்தத் தெரியாவிட்டால் என்ன நடக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. நீந்தத் தெரியாதவர்கள் இங்கே உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டுதான் குன்றில் ஏற வேண்டும். தண்ணீரில் இறங்கும்போது அல்ல, குன்றில் ஏறும்போதே.

இந்தக் குன்றுகளைப் பற்றி ஒரு சொல். 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் குன்றுகளில் மாடுகளை மேய விட்டார்கள். மணலைப் பிடித்து வைத்திருந்த புல்லையும் செடியையும் மாடுகள் தின்று தீர்த்தன. மணல் காற்றோடு கிளம்பி நிலங்களையும் பாதைகளையும் மூடத் தொடங்கியது. பிறகு அரசாங்கம் மரம் நட்டு அதை நிறுத்த வேண்டியிருந்தது. இன்றைக்கு மாட்டின் வேலையை மனிதக் கால் செய்கிறது. வேலி போட்ட இடங்களில் ஏறாதீர்கள். புல்லில்லாத மணலில் ஓடுங்கள், புல் நிற்கும் இடத்தை மிதிக்காதீர்கள்.

காற்று

பெரிய ஏரியிலிருந்து நிலத்தை நோக்கிக் காற்று அடிக்கும் நாளில் அவுட்லெட்டிலும் சாண்ட்பாங்ஸிலும் அலை எழும். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். பெற்றோருக்குக் கழுத்து வலி. அப்போது பலரும் "உள்ளே டியூன்ஸ் பீச்சில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது" என்று அங்கே மாறிப் போவார்கள். அது ஏன் அப்படி இருக்கிறது என்பதை யோசியுங்கள். நடுவில் மணற்குன்று நிற்கிறது. வெளிப்பக்கத்தில் கரையை நோக்கி வரும் அதே காற்று, குன்றைத் தாண்டி உட்பக்கம் வந்ததும் கரையிலிருந்து தண்ணீரை நோக்கிப் போகும் காற்றாகிவிடுகிறது. குன்றின் மறைவில் கரையோரம் அசைவில்லாமல் கிடக்கும். கொஞ்சம் தள்ளிப் போனால் காற்று பிடித்துக்கொள்ளும். காற்றடைத்த மெத்தையில், டோனட் மிதவையில் படுத்திருப்பவர் கண்ணைத் திறக்கும்போது கரை தூரத்தில் இருக்கும்.

எந்தக் கரையானாலும் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். தண்ணீர் விளிம்பில் நின்று ஒரு பிடி உலர்ந்த மணலைத் தோள் உயரத்தில் மெல்ல விடுங்கள். மணல் உங்கள் பின்னால், நிலப்பக்கம் போனால் மிதவைகளைக் கவனத்தோடு பாவிக்கலாம். மணல் தண்ணீர்ப் பக்கம் பறந்தால் மிதவைகளை அன்றைக்குக் காருக்குள்ளேயே வைத்துவிடுங்கள். மிதவை காற்றில் போய்விட்டால் அதைத் துரத்தி நீந்த வேண்டாம். இருபது டொலர் சாமான் அது, போகட்டும்.

பெரிய ஏரியில் இன்னொரு விளையாட்டும் நடக்கும். நேற்று வெதுவெதுப்பாக இருந்த தண்ணீர் இன்று காலையில் எலும்பைக் குத்தும். காற்று மேல்மட்டச் சூட்டுத் தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போக, ஆழத்திலிருந்த குளிர்ந்த தண்ணீர் அந்த இடத்துக்கு மேலே வந்துவிடுகிறது. ஒன்ராறியோ ஏரியின் மிக ஆழமான இடம் 244 மீற்றர். குளிருக்கு அங்கே பஞ்சமில்லை. ஆகவே ஒவ்வொரு நாளும் முதலில் காலை வையுங்கள், பிறகு உடம்பை நனையுங்கள். குளிர்ந்த தண்ணீரில் தலைகீழாகப் பாய்ந்தால் மூச்சு தன்னிச்சையாக உள்ளிழுக்கும். அந்த ஒரு மூச்சில் தண்ணீரும் போகலாம்.

தண்ணீரில் இறங்குமுன்

உயிர்காப்பாளர்கள் கிடையாது. ஒன்ராறியோ பூங்காக்களின் கரைகளில் யாரும் கோபுரத்தில் உட்கார்ந்து உங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். நம் கூட்டங்களில் பத்துப் பெரியவர்கள் கரையில் இருப்பார்கள். பத்துப் பேரும் மற்ற ஒன்பது பேர் பார்க்கிறார்கள் என்று நினைப்பார்கள். அரை மணிக்கு ஒருவர் என்று முறை வையுங்கள். முறைக்காரர் கையில் போன் இருக்கக் கூடாது, தட்டில் கோழிக்கால் இருக்கக் கூடாது. முறை மாறும்போது பிள்ளைகளை எண்ணி ஒப்படையுங்கள். நீந்தத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்கு இந்த முறையும் போதாது. அவர்களோடு ஒரு பெரியவர் தண்ணீருக்குள்ளேயே, கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

"எனக்கு நீந்தத் தெரியும்" என்பதற்கு ஓர் அளவு உண்டு. கனடாவின் லைஃப்சேவிங் சொசைட்டி வைத்திருக்கும் அளவு இது: ஆழமான தண்ணீரில் உருண்டு விழுந்து, மேலே வந்து, ஒரு நிமிடம் ஒரே இடத்தில் மிதந்து நின்று, பிறகு 50 மீற்றர் நீந்த வேண்டும். இதை உங்கள் ஊர் நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளர் முன்னால் செய்து பாருங்கள். முடியாதவர் யாரானாலும், வயது 40 ஆனாலும், ஏரியில் உயிர்காப்பு அங்கி போடட்டும். ஊரில் கடலில் நீந்தி வளர்ந்த மாமாக்களுக்கு இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கும். உப்புத் தண்ணீர் உடம்பைத் தூக்கிக் கொடுக்கும்; ஏரித் தண்ணீர் அவ்வளவு தூக்காது. பருத்தித்துறையில் மிதந்த உடம்பு இங்கே அதே மாதிரி மிதக்கும் என்று கணக்குப் போடக் கூடாது.

உடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பருத்திச் சுடிதாரோடு முழங்கால் வரை நிற்பது பரவாயில்லை. இடுப்புக்கு மேல் நனைந்தால் துணி தண்ணீரைக் குடித்துப் பாரமாகிக் காலில் சுற்றும். முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடைகள் இப்போது எல்லாக் கடைகளிலும் கிடைக்கின்றன. வெயிலுக்கும் அதுவே மறைப்பு.

அலை நாளில் மணல் திட்டுகளுக்கு இடையால் தண்ணீர் ஏரிக்குள் திரும்பி ஓடும். அது உங்களை இழுத்தால் கரையை நோக்கி நேரே போராட வேண்டாம். மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்கிக்கொள்ளுங்கள். பிறகு கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்டதும் கரைக்கு வாருங்கள். ஒருவர் தத்தளித்தால் இன்னொருவர் பாயக் கூடாது. மிதக்கக் கூடிய எதையாவது வீசுங்கள். மூடிய கூலர் பெட்டிகூட உதவும். உடனே 911க்கு அழையுங்கள்.

கனூ, கயாக், நின்று துடுப்பு வலிக்கும் பலகை ஆகியவற்றுக்கு நல்ல இடம் அவுட்லெட் ஆறு. ஓட்டம் இல்லாத தண்ணீர், இரு பக்கமும் நாணல், விடியற்காலையில் கொக்கு நிற்கும். படகில் ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும் என்பது கனடாச் சட்டம். பலகைக்கும் அது பொருந்தும். அங்கியை முன்னால் கட்டி வைத்திருப்பதைவிட உடம்பில் போட்டிருப்பதே புத்தி. கடும் மழை பெய்த பிறகு ஒரு நாளாவது பொறுத்துத் தண்ணீரில் இறங்குங்கள். நிலத்திலிருந்து கழுவி வரும் அழுக்கால் கிருமி கூடும். நீரின் தரம் பற்றிய அறிவிப்புக் கரையில் போட்டிருந்தால் அதை மீறி இறங்க வேண்டாம்.

இரவு தங்குவது

பூங்காவுக்குள் பல முகாம் பகுதிகள் உண்டு. அவுட்லெட் ரிவர் பகுதி பீச்சுக்கு மிக அருகே; நடந்தே போகலாம், அதனால் அதற்குத்தான் போட்டியும் சத்தமும் அதிகம். உட்லண்ட்ஸ் பகுதியில் மின்சார இணைப்புள்ள இடங்கள் நிறைய, டிரெய்லர்காரர்கள் விரும்புவார்கள். சீடர்ஸ் மரங்களுக்குள் தள்ளி இருக்கிறது. ரிச்சட்சன்ஸ் சிறியது, அமைதியானது. முதல் தடவை பிள்ளைகளோடு போகிறீர்கள் என்றால் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு அவுட்லெட் ரிவரையே எடுங்கள். பகலில் ஒருவருக்குத் தலைவலி என்றால் கூடாரத்துக்கு நடந்து வரலாம் என்பது பெரிய வசதி. தரையில் படுக்க முடியாத அம்மம்மாவோடு போகிறவர்கள் பூங்காவுக்குள் வாடகைக்குக் கிடைக்கும் மேப்பிள் ரெஸ்ட் என்ற பழைய வீட்டையும் பார்க்கலாம்.

கூடாரத்தை முதலில் வீட்டுப் பின்வளவில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். இருட்டில், நுளம்புக்கு நடுவில், எந்தக் கம்பி எந்தத் துளைக்கு என்று அண்ணன் தம்பி சண்டை போடுவதை இது தவிர்க்கும். சாண்ட்பாங்ஸ் மண் மணல் கலந்தது. கூடாரத்தோடு வரும் மெல்லிய முளைகள் காற்றடித்தால் உருவிக்கொண்டு வரும். நீளமான, அகலமான முளைகளை வாங்குங்கள். அடியில் விரிக்கும் தறப்பாள் கூடாரத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரம் மழைத் தண்ணீரை ஏந்தி நேரே உங்கள் முதுகுக்குக் கீழே கொண்டுவரும். காற்று மெத்தை மெதுமெதுப்பாக இருந்தாலும் அடியிலிருந்து குளிரும். மெத்தைக்கு மேலே ஒரு தடித்த போர்வை விரித்து அதன்மேல் படுங்கள். ஓகஸ்டிலும் ஏரிக்கரை இரவு குளிரும்.

விறகை ஸ்காபரோவிலிருந்து ஏற்றிக்கொண்டு வராதீர்கள். ஆஷ் மரங்களை ஒன்ராறியோ முழுதும் அழித்த பச்சை வண்டு ஊர் ஊராகப் பரவியதில் இப்படிக் கொண்டுபோன விறகுக்கும் பங்குண்டு. பூங்காவிலேயே விறகு விற்பார்கள். நெருப்பு அதற்கென்று உள்ள குழியில் மட்டும். வறட்சி நாட்களில் அதற்கும் தடை வரலாம் என்பதால் காஸ் அடுப்பு ஒன்று கையில் இருக்கட்டும். மழை வந்தாலும் கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகவே கூடாது. தணல் அணைந்த மாதிரித் தெரிந்தாலும் அதிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. தூங்குகிறவர் எழும்பவே மாட்டார்.

பாட்டுப் பெட்டி. பெரிய ஸ்பீக்கர் உங்களுக்கு ஒரு விழா, பக்கத்து இடத்தில் கைக்குழந்தையைத் தூங்க வைக்கிறவர்களுக்கு வாதை. பிறரைத் தொந்தரவு செய்யும் சத்தத்துக்கு இரவில் மட்டுமல்ல, பகலிலும் தண்டம் எழுதுவார்கள். மதுபானம் உங்கள் முகாம் இடத்துக்குள் மட்டுமே, பீச்சில் இல்லை.

சாப்பாடு

நம்மவர்கள் முகாமுக்குப் போவதே சமைக்கத்தான் என்று ஒரு பகிடி உண்டு. சமையுங்கள், ஆனால் கூலரைப் புத்தியோடு அடுக்குங்கள். மசாலா தடவிய கோழியையும் ஆட்டிறைச்சியையும் தட்டையான பைகளில் கட்டி, வீட்டிலேயே கல்லாக உறைய வையுங்கள். முதல் நாள் அவையே ஐஸ். இரண்டாம் நாள் அவையே சாப்பாடு. குடிபானத்துக்கு வேறொரு கூலர் வையுங்கள். பிள்ளைகள் நிமிடத்துக்கு ஒருதரம் திறப்பது அதைத்தான். இறைச்சிப் பெட்டியை அவர்கள் தொடத் தேவையிருக்காது.

தேங்காய்ச் சம்பலை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். வெயிலில் முதலில் கெடுவது அதுதான். சட்டிச் சோற்றைக் காலையில் ஆக்கி மத்தியானம் வரை காருக்குள் மூடி வைப்பதும் வயிற்றுக்கு ஆபத்து. பாண், கட்டைச் சம்பல், ஊறுகாய், அவித்த முட்டை, உறைய வைத்துக் கொண்டுபோன கறி, அங்கேயே சுடும் ரொட்டி: இவ்வளவும் இருந்தால் இரண்டு நாள் தாராளமாக ஓடும். எதையாவது மறந்தால் பிக்ரன் நகரத்தில் சூப்பர்மார்க்கெட் உண்டு. மருத்துவமனை இருப்பதும் அங்கேதான்.

இரவில் மேசையில் ஒன்றும் வைக்காதீர்கள். ரக்கூன்களுக்குக் கூலரின் கொளுக்கியைத் திறக்கத் தெரியும். எல்லாம் காருக்குள் போகட்டும், எண்ணெய்ச் சட்டியும் சேர்த்து. சட்டியைக் குடிதண்ணீர்க் குழாயடியில் கழுவக் கூடாது.

செடியும் உண்ணியும்

பாய்சன் ஐவி இந்தப் பூங்காவில் தாராளமாக உண்டு. ஒரு காம்பில் மூன்று இலை. நடு இலையின் காம்பு மற்ற இரண்டைவிட நீளம். அதன் எண்ணெய் பட்டால் தோல் கொப்பளிக்கும். பாதையை விட்டு விலகாதீர்கள். பட்டுவிட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். உடுப்பையும் செருப்பையும் சேர்த்து. தப்பித்தவறியும் அந்தச் செடியை நெருப்பில் போடக் கூடாது. புகை நுரையீரலுக்குள் போகும்.

கறுப்புக்கால் உண்ணிகள் லைம் நோயைக் கொண்டுவரும். பிரின்ஸ் எட்வேர்ட் கவுண்டி அதற்கான அபாயப் பகுதி. மாலையில் குளித்ததும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, அரை, அக்குள், காதின் பின்புறம், தலைமுடி எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள். கடித்துக்கொண்டிருந்தால் கூரான சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேரே இழுங்கள். எண்ணெய் விடுவது, நெருப்பால் சுடுவது வேண்டாம். ஒன்ராறியோவில் மருந்தகத்திலேயே தடுப்பு மருந்து எழுதிக் கொடுப்பார்கள், ஆனால் உண்ணியை எடுத்து 72 மணி நேரத்துக்குள் போக வேண்டும்.

நேரமிருந்தால் திரும்பும் வழியில் கிளெனோரா பக்கம் ஒரு சுற்று. மலையுச்சியில் இருக்கும் லேக் ஒன் த மௌண்டன் ஏரியைப் பார்த்துவிட்டு, காரோடு ஏறிக் கடக்கும் கிளெனோரா படகில் போகலாம். கட்டணம் இல்லை, பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மூன்று இடத்தைப் பதிந்துவிட்டு, இரண்டு குடும்பம் பின்வாங்கியதும் மற்ற இரண்டையும் சும்மா விட்டுவிடுகிறவர்கள் நம்மிலும் உண்டு. போக முடியாது என்று தெரிந்த அன்றைக்கே இணையத்தில் ரத்துச் செய்யுங்கள். ரத்துக் கட்டணம் போக மீதி உங்களுக்குத் திரும்பி வரும். அந்த இடம் காலியானால் அறிவிக்கும்படி கேட்டுவிட்டு, வேறொரு குடும்பம் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும்.